பிகேஎக்ஸெக் ஓட்டையை அடைப்பது எப்படி: லினக்ஸ் சர்வர் இப்போதுதான் கைக்கு வந்தவர்களுக்கு

பழைய லினக்ஸ் சர்வர் ஒன்றை உங்கள் தலையில் கட்டிவிட்டு முன்னவர் போய்விட்டார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் சிவிஇ-2021-4034 என்று ஒரு வரி சிவப்பாக நிற்கிறது (சிவிஇ என்பது பாதுகாப்பு ஓட்டைகளுக்குப் போடும் அடையாள எண், இந்த எண் பிகேஎக்ஸெக் என்ற நிரலில் இருக்கும் ஓட்டைக்கு). மேலே இருப்பவர் "இதை இன்னைக்கே முடிச்சிடுங்க" என்கிறார். இந்த நிலையில் உட்கார்ந்திருப்பவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலை என்னவோ கால் மணி நேரம்தான், ஆனால் எதை முதலில் செய்வது, திரையில் வருவதில் எதை நம்புவது என்பதில்தான் புதியவர்கள் தடுக்கி விழுகிறார்கள். நானும் விழுந்தேன், அதையும் கடைசியில் சொல்கிறேன்.

ஒரு சின்ன விஷயம். கட்டளைகளையும் கோப்புப் பாதைகளையும் ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடியுங்கள். பிகேஎக்ஸெக் என்றால் பி, கே, அதோடு ஒட்டி எக்ஸெக், நடுவில் இடைவெளி கிடையாது.

இது என்ன கருவி?

போல்கிட் என்ற தொகுப்போடு வரும் சின்ன நிரல் இது. போல்கிட்டுக்குப் பழைய பெயர் பாலிசிகிட், அதனால்தான் உபுண்டுவிலும் டெபியனிலும் பேக்கேஜ் பெயர் பாலிசிகிட்-1 என்று ரொம்ப நாள் இருந்தது. சூடோ செய்யும் வேலையைத்தான் இதுவும் வேறு வழியில் செய்கிறது: சாதாரணப் பயனர் கேட்கும் கட்டளையை, அவருக்கு அனுமதி இருந்தால், ரூட்டாக, அதாவது மெஷினில் எல்லா அதிகாரமும் உள்ள கணக்காக, ஓட்டித் தரும். டெஸ்க்டாப்பில் ஜிபார்ட்டட்டைத் திறந்தால் பாஸ்வேர்ட் கேட்டு ஒரு பெட்டி வருமே, அதற்குப் பின்னால் நிற்பது பெரும்பாலும் இதுதான்.

இந்த நிரலை யார் ஓட்டினாலும் அது ரூட் அதிகாரத்தோடுதான் ஓடத் தொடங்கும். கோப்பில் செட்யூஐடி என்ற ஒரு பிட் போட்டிருப்பதால் அப்படி. முதலில் பெட்டகச் சாவியைக் கையில் வாங்கிக்கொண்டு, அதற்கப்புறம் வந்திருப்பவர் யார் என்று விசாரிக்கும் காவலாளி மாதிரி. விசாரிக்கிற அந்தக் கொஞ்ச நேரத்தில் காவலாளியை ஏமாற்றிவிட்டால் சாவி நம் கையில்.

ஏமாற்ற வழி இருக்கிறது என்று க்வாலிஸ் நிறுவனத்து ஆய்வாளர்கள் கண்டுபிடித்து, 2022 ஜனவரி 25 அன்று வெளியிட்டார்கள். ப்வோன்கிட் என்று பெயரும் வைத்தார்கள். ஓட்டை 2009 மே மாதம் இந்த நிரல் முதன்முதலில் எழுதப்பட்ட நாளிலிருந்தே அதில் இருந்திருக்கிறது, பன்னிரண்டு வருடத்துக்கு மேல். உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் ஆகிய நான்கிலும், எதையும் மாற்றாமல் நிறுவியபடியே இருந்த மெஷினில், அவர்களால் ரூட் ஆக முடிந்தது. வெளியிட்ட சில மணி நேரத்திலேயே தாக்குதல் நிரல்கள் இணையத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டன.

தீவிர மதிப்பெண் 10-க்கு 7.8. இதைப் பார்த்துவிட்டு "ஒன்பதுக்கு மேலே இருப்பதை முதலில் பார்ப்போம், இது உள்ளே கணக்கு இருப்பவரால்தானே முடியும், நம்ம ஆட்கள்தானே" என்று தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடாதீர்கள். வெப் சர்வரில் எவனோ ஒருவன் ஓட்டை விழுந்த ப்ளகின் வழியாக ஒரு பிஎச்பி கோப்பை ஏற்றிவிட்டால், அவனும் உள்ளே கணக்கு உள்ளவன்தான். வெப் சர்வர் ஓடும் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற அந்த ஒன்றுக்கும் உதவாத கணக்கிலிருந்து ரூட்டுக்கு ஏற அவனுக்கு ஓர் ஏணி வேண்டும், இது அந்த ஏணி.

பந்தியில் நடந்த குழப்பம்

அவசரமாக இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய் அடைத்துவிட்டு வந்து படியுங்கள். ஆனால் படியுங்கள், ஏனென்றால் இந்தத் தப்பு ரொம்ப அழகான தப்பு.

எந்த நிரலைத் தொடங்கினாலும் இயங்குதளம் அதன் கையில் இரண்டு பட்டியல் கொடுக்கும். ஒன்று ஆர்க்வி: முதல் இடத்தில் நிரலின் பெயர், அதற்குப் பின் நாம் அடித்த சொற்கள். இன்னொன்று என்விபி: பாத், ஹோம், ஷெல் போன்ற சூழல் மாறிகள். நினைவகத்தில் இரண்டும் ஒட்டியே இருக்கும், முதல் பட்டியல் முடிந்தது என்று காட்ட நடுவில் ஒரு வெற்றுக் கட்டம் மட்டும்.

கல்யாணப் பந்தி ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே வரிசையில் முதலில் பெண்வீட்டார், அடுத்து ஆள் இல்லாத ஓர் இலை, அதற்கப்புறம் மாப்பிள்ளை வீட்டார். பரிமாறுகிறவருக்கு ஒரு பழக்கம்: முதல் இலை பெண்ணின் அப்பாவுக்கு, அவரைக் கவனிக்க வேறு ஆள் உண்டு, நான் இரண்டாவது இலையிலிருந்து தொடங்குவேன். வழக்கமான நாளில் இதில் ஒரு சிக்கலும் இல்லை. ஒரு நாள் பெண்வீட்டார் ஒருவர்கூட உட்காரவில்லை. இப்போது வரிசையின் முதல் இலையே அந்த ஆளில்லாத இலைதான். இரண்டாவது இலையில் இருப்பவர் மாப்பிள்ளை வீட்டு முதல் ஆள். பரிமாறுகிறவர் நிமிர்ந்து பார்க்காமல், இவர் பெண்வீட்டார்தான் என்று முடிவு செய்து, அவர் இலையில் கை வைக்கிறார்.

பிகேஎக்ஸெக் செய்தது இதுதான். எத்தனை சொற்கள் வந்திருக்கின்றன என்று சொல்லும் எண்ணுக்கு ஆர்க்சி என்று பெயர். நிரலின் பெயராவது இருக்கும், ஆகவே அது குறைந்தது 1 என்று எழுதியவர் நினைத்துவிட்டார். ஷெல்லில் அடித்தால் அப்படித்தான் இருக்கும். ஆனால் எக்ஸெக்விஇ என்ற சிஸ்டம் காலை நேரடியாக அழைத்து, வெறும் பட்டியலைக் கொடுத்தால், ஆர்க்சி 0 ஆகிவிடும், லினக்ஸ் அதற்கு அப்போது மறுப்பு சொல்லவில்லை. பிகேஎக்ஸெக் இரண்டாவது கட்டத்தைப் படிக்கிறது, அது உண்மையில் முதல் சூழல் மாறி. அதை ஓட்ட வேண்டிய நிரலின் பெயர் என்று நினைத்து, பாத்தில் தேடி, கிடைத்த முழுப் பாதையை அதே கட்டத்தில் திருப்பி எழுதுகிறது. படித்ததோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை, எழுதியதுதான் வினை.

ஏன் வினை? செட்யூஐடி நிரல் தொடங்கும்போது ஆபத்தான சூழல் மாறிகளை எல்லாம் டைனமிக் லோடர் முன்கூட்டியே பிடுங்கி எறிந்துவிடும். ஜிகான்வ்_பாத் அவற்றில் ஒன்று: எழுத்துக் குறியாக்கத்தை மாற்றும் நூலகங்களை எந்த அடைவில் தேட வேண்டும் என்று சொல்லும் மாறி. வாசலில் சோதனை போட்டு வெளியே எறிந்த அந்தப் பொருளை, பாதைப் பெயரைக் கொஞ்சம் சாமர்த்தியமாக அமைத்தால், பிகேஎக்ஸெக்கே தன் கையால் உள்ளே எடுத்து வைத்துவிடும். அதற்குப் பிறகு ஏதாவது ஒரு பிழைச் செய்தியை அச்சிடச் செய்தால் போதும். திரையின் குறியாக்கம் யூடிஎஃப்-8 இல்லையென்றால் செய்தியை மாற்ற ஒரு நூலகம் தேவை, அதைத் தாக்குபவன் சொன்ன அடைவிலிருந்து எடுத்து ஏற்றும், ரூட்டாக. அவ்வளவுதான், கதை முடிந்தது. போல்கிட்டின் பின்னணிச் சேவை ஓட வேண்டிய அவசியம்கூட இல்லை.

ஆர்க்சி 0 ஆனால் இந்த நிரல் தடுமாறுகிறது என்பதை ரயன் மாலன் என்பவர் 2013-லேயே கவனித்து எழுதியிருந்தார், ரூட் வரை போகும் வழி மட்டும் அப்போது அவருக்குக் கிடைக்கவில்லை. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளத்தின் கர்னல் (மையப் பகுதி) ஆர்க்சி 0 என்றால் நிரலைத் தொடங்கவே மாட்டேன் என்று சொல்லிவிடும், ஆகவே அங்கே இந்தக் கதையே இல்லை.

முதலில் பூட்டு

சரி, வேலைக்கு வருவோம். உங்கள் மெஷினில் இது இருக்கிறதா என்று பாருங்கள்:

ஸ்டாட் -சி %ஏ /யூஎஸ்ஆர்/பின்/பிகேஎக்ஸெக்

கோப்பே இல்லை என்று வந்தால் இந்த இடத்தில் பிரச்சினை இல்லை. 755 என்று வந்தால் யாரோ உங்களுக்கு முன்பே செட்யூஐடியை எடுத்திருக்கிறார்கள். 4755 என்று வந்தால் முன்னால் இருக்கும் அந்த 4-தான் நாம் பேசிக்கொண்டிருக்கும் பிட். 4 இருப்பதாலேயே ஓட்டை இருக்கிறது என்று அர்த்தமில்லை, அடைக்கப்பட்ட நிரலுக்கும் 4755-தான். ஆனால் எது எது என்று தெரியும்வரை பூட்டி வைப்பதில் நஷ்டம் ஒன்றும் கிடையாது:

சூடோ சிஎச்மாட் 0755 /யூஎஸ்ஆர்/பின்/பிகேஎக்ஸெக்

மறுபடி ஸ்டாட் போட்டுப் பார்த்து 755 வந்ததை உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த நொடியிலிருந்து அந்தக் கோப்பு வழியாக யாரும் ரூட் ஆக முடியாது, ஏனென்றால் அது ரூட்டாகவே தொடங்காது. யாராவது ஓட்டினால், தனக்குச் செட்யூஐடி ரூட் வேண்டும் என்று முனகிவிட்டு நின்றுவிடும்.

இதைச் செய்தால் சர்வர் படுத்துவிடுமா என்று எல்லோரும் கேட்பார்கள். சர்வரில் அநேகமாக எதுவும் ஆகாது. சிஸ்டம்சிடிஎல் அனுமதி கேட்பது போல்கிட்டின் பின்னணிச் சேவையிடம், பிகேஎக்ஸெக்கிடம் இல்லை, ஆகவே அது வழக்கம்போல் ஓடும். டெஸ்க்டாப்பில்தான் சினாப்டிக், ஜிபார்ட்டட் போன்றவை மெனுவிலிருந்து திறக்காமல் அடம்பிடிக்கும், அதைப் பேட்ச் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

போல்கிட்டையே தூக்கி எறிந்துவிட்டால் என்ன என்று தோன்றும். ஆப்ட் ரிமூவ் அடித்தவுடன் அது என்னென்ன பேக்கேஜைச் சேர்த்து நீக்கப்போகிறது என்று ஒரு பட்டியல் காட்டும், அதை ஒரு முறை முழுதாகப் படியுங்கள், ஆசை தானாகப் போய்விடும். பின்னணிச் சேவையை மட்டும் நிறுத்தி வைக்கிறேன் என்பதும் உதவாது, காரணம் மேலே சொன்னதுதான்.

பேட்ச் போடுவது

உபுண்டு, டெபியன் என்றால்:

சூடோ ஆப்ட் அப்டேட்
சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ஒன்லி-அப்கிரேட் பாலிசிகிட்-1

டெபியன் 12-லிருந்து இது போல்கிட்டி, பிகேஎக்ஸெக் என்று இரண்டு பேக்கேஜாகப் பிரிந்துவிட்டது, ஆனால் அந்தப் புதிய வெளியீடுகளில் இந்தக் குறிப்பிட்ட ஓட்டை தொடக்கத்திலிருந்தே அடைக்கப்பட்டதுதான். ரெட் ஹேட் குடும்பத்தில்:

சூடோ டிஎன்எஃப் அப்கிரேட் போல்கிட்

7-ஆம் பதிப்பில் டிஎன்எஃப் அப்கிரேட் என்பதற்குப் பதிலாக யம் அப்டேட். ரீபூட் தேவையில்லை. பிகேஎக்ஸெக் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கி வேலை முடிந்ததும் செத்துப்போகும் நிரல், வட்டில் கோப்பு மாறினால் அடுத்த முறையிலிருந்து புதியதுதான் ஓடும்.

அந்தப் பேட்சுக்குள் என்ன இருக்கிறது தெரியுமா? முக்கியமான பகுதி நாலைந்து வரிதான். நிரலின் தொடக்கத்திலேயே, ஆர்க்சி 1-க்குக் குறைவாக இருந்தால் 127 என்ற எண்ணோடு வெளியேறு. அதற்கு மேலே எழுதியவர் ஒரு குறிப்பும் வைத்திருக்கிறார்: இவ்வளவு தப்பாக ஒருவர் கூப்பிடுகிறார் என்றால் அநேகமாகக் கெட்ட எண்ணம்தான், மரியாதை பார்க்காமல் கிளம்பு என்ற பொருளில். கூடவே, கட்டத்தில் திருப்பி எழுதும் இடத்திலும் ஒரு சோதனை. இதன் தம்பியான பிகேசெக் நிரலுக்கும் அதே காவல், அங்கே எண் 126. பன்னிரண்டு வருட ஓட்டைக்கு நாலைந்து வரி. பாதுகாப்பு வேலையில் இது சகஜம், கண்டுபிடிக்கத்தான் ஆள் வேண்டும்.

பதிப்பு எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். டிபிகேஜி -எல் பாலிசிகிட்-1 என்று அடித்தால் 0.105 என்று தொடங்கும் ஓர் எண் வரும். உடனே தேடிப் பார்த்து, போல்கிட்டை எழுதுபவர்களே வெளியிடும் மூலத் தொகுப்பில் 121 பதிப்பில்தான் இது சரிசெய்யப்பட்டது என்று படித்துவிட்டு, "ஐயோ, நம்மிடம் 0.105 அல்லவா இருக்கிறது" என்று மூலத்தை இறக்கித் தாமே கம்பைல் செய்து போடக் கிளம்பிவிடுவார்கள். வேண்டாம்.

டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள்) பழைய பதிப்பை மாற்றாமல், அதன் மேலேயே பேட்சை ஒட்டிக் கொடுக்கின்றன. ஆகவே பார்க்க வேண்டியது முன்பகுதியை இல்லை, கோட்டுக்குப் பின்னால் வரும் வாலை. உபுண்டு 20.04-ல் 0.105-26உபுண்டு1.2 அல்லது அதற்கு மேல். 18.04-ல் 0.105-20உபுண்டு0.18.04.6. டெபியன் 11-ல் 0.105-31+டெப்11யு1, டெபியன் 10-ல் 0.105-25+டெப்10யு1. ரெட் ஹேட் 8-ல் 0.115-13.இஎல்8_5.1, 7-ல் 0.112-26.இஎல்7_9.1. உபுண்டுவின் 0.105-இல் ஓட்டை அடைபட்டிருக்கும், மூலத் தொகுப்பின் 0.120-இலோ ஓட்டை அப்படியே இருக்கும். பெரிய எண் பாதுகாப்பு என்ற கணக்கு இங்கே செல்லாது.

எண்ணை நம்பக் கஷ்டமாக இருந்தால் மாற்றக் குறிப்பைப் பாருங்கள். ரெட் ஹேட் குடும்பத்தில் ஆர்பிஎம் -க்யூ --சேஞ்ச்லாக் போல்கிட் என்று அடித்து, வருவதை | குறி போட்டு க்ரெப் 2021-4034 என்பதற்குள் (க்ரெப் என்பது சொல்லைத் தேடும் கட்டளை) செலுத்தினால், அந்த எண் இருக்கும் வரி வர வேண்டும். வந்தால் அடைத்தாயிற்று. உபுண்டுவில் ஆப்ட் சேஞ்ச்லாக் பாலிசிகிட்-1 அடித்து அதே எண்ணைத் தேடுங்கள், ஆனால் அது காட்டுவது பெரும்பாலும் களஞ்சியத்தில் இருக்கும் பதிப்பின் குறிப்பு, உங்கள் மெஷினில் இருப்பது அந்தப் பதிப்புதானா என்று டிபிகேஜியோடு ஒத்துப் பாருங்கள்.

தாக்குதல் நிரலை இறக்கி ஓட்டிச் சோதிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. முன்பின் தெரியாதவர் எழுதிய நிரலை, ரூட் ஆகும் நோக்கத்தோடு எழுதப்பட்ட நிரலை, வேலையில் இருக்கும் சர்வரில் ஓட்டுவதா? எனக்கு மனசு வராது. மேலும் அது தோற்றால் ஓட்டை இல்லை என்று அர்த்தமில்லை. லினக்ஸ் கர்னல் 5.18-லிருந்து, வெறும் பட்டியல் வந்தால் கர்னலே ஒரு வெற்றுச் சொல்லைச் சேர்த்து ஆர்க்சியை 1 ஆக்கிவிடுகிறது, பழைய கர்னல்களுக்கும் அது போயிருக்கிறது. ஓட்டையுள்ள பிகேஎக்ஸெக்கும் புதிய கர்னலும் சேர்ந்து இருந்தால் தாக்குதல் பலிக்காது, ஆனால் நாளைக்கு யாராவது பழைய கர்னலில் பூட் செய்தால் கதை மாறும்.

"ஏற்கனவே புதியதுதான்" என்று சொன்னால்

ஆப்ட்டோ யம்மோ "புதிய பதிப்புதான் இருக்கிறது" என்று சொன்னதும் நிம்மதியாகப் போய்விடாதீர்கள். ஆதரவு முடிந்த வெளியீட்டில் களஞ்சியம் உறைந்து நிற்கும், அதில் இருப்பதிலேயே புதியது உங்களிடம் இருக்கிறது என்றுதான் அது சொல்கிறது. உபுண்டு 16.04-க்கும் 14.04-க்கும் இந்தப் பேட்ச் நீட்டித்த ஆதரவு வாங்கியவர்களுக்குத்தான் வந்தது. சென்ட்ஓஎஸ் 8 இன்னும் சோகம்: அதன் ஆதரவு 2021 டிசம்பர் 31-ல் முடிந்தது, ஓட்டை வெளியானது சரியாக 25 நாள் கழித்து.

இப்படிப்பட்ட மெஷின் என்றால் அந்தச் சிஎச்மாடை அப்படியே விட்டுவிடுங்கள், ஆதரவுள்ள வெளியீட்டுக்கு மாற நாள் குறியுங்கள். பிகேஎக்ஸெக் இல்லாமல் ஒரு சர்வர் வருடக்கணக்கில் ஓடும், ஆனால் அதே உறைந்த களஞ்சியத்தில் இன்னும் எத்தனை ஓட்டைகள் அடைபடாமல் கிடக்கின்றன என்று யோசித்தால் தூக்கம் வராது.

மூலை முடுக்கில் இருக்கும் நகல்கள்

/யூஎஸ்ஆர்/பின்-இல் இருப்பதை அடைத்துவிட்டோம். ஆனால் யாராவது "எதற்கும் இருக்கட்டும்" என்று பழைய கோப்பைப் பெயர் மாற்றி அதே அனுமதியோடு நகல் எடுத்து வைத்திருக்கலாம், சிஎச்ரூட் அடைவு ஒன்றுக்குள் (தனி இயங்குதளம் மாதிரி ஓட்டப் பிரித்து வைத்த அடைவு) முழு இயங்குதளமே இருக்கலாம், பழைய வட்டு ஏதாவது மவுண்ட் ஆகியிருக்கலாம். எனவே ஒரு முறை வலை வீசிப் பாருங்கள்:

சூடோ ஃபைண்ட் / -நேம் '*பிகேஎக்ஸெக்*' -பெர்ம் -4000 -டைப் எஃப்

பேக்கேஜ் வைத்த ஒன்றைத் தவிர வேறு எது வந்தாலும் அது அப்டேட்டில் மாறியிருக்காது. அதற்குச் சிஎச்மாட் போடுங்கள் அல்லது அழித்துவிடுங்கள். பேக்கப் வட்டை மவுண்ட் செய்யும்போது நோசூயிட் என்ற விருப்பத்தையும் சேர்ப்பது நல்ல பழக்கம், அதில் எத்தனை செட்யூஐடி கோப்பு கிடந்தாலும் அந்த பிட் வேலை செய்யாது.

எல்லாவற்றையும்விட மோசமானது விஎம் டெம்ப்ளேட், அதாவது புதிய மெய்நிகர் மெஷின்களை நகலெடுக்கும் அச்சு. சர்வர்களை எல்லாம் ஒழுங்காக அப்டேட் செய்திருப்பார்கள், ஆனால் 2021-ல் செய்த டெம்ப்ளேட்டிலிருந்து அடுத்த வாரம் யாராவது ஒரு புதிய மெஷினைக் கிளப்புவார்கள், ஓட்டையும் கூடவே புதுசாகப் பிறந்து வரும். டெம்ப்ளேட்டை பூட் செய்து, அப்டேட் போட்டு, மறுபடி சேமித்தால்தான் இந்த வேலை முடிந்தது என்று கணக்கு.

யாராவது வந்துபோனார்களா?

உபுண்டுவிலும் டெபியனிலும் /வார்/லாக்/ஆத்.லாக், ரெட் ஹேட்டில் /வார்/லாக்/செக்யூர். இவற்றில் பிகேஎக்ஸெக் என்று க்ரெப் செய்யுங்கள், சுருக்கி வைத்த பழைய லாக்குகளுக்கு இசட்க்ரெப். இரண்டு வகை வரிகளைத் தேடுகிறோம். ஒன்று, ஷெல் மாறியின் மதிப்பு /இடிசி/ஷெல்ஸ் கோப்பில் காணவில்லை என்று சொல்வது. இன்னொன்று, ஏதோ ஒரு சூழல் மாறியில் சந்தேகத்துக்குரிய உள்ளடக்கம் இருப்பதாகச் சொல்வது.

இரண்டாவதில் ஒரு வேடிக்கை உண்டு. சந்தேகத்துக்குரிய என்பதற்கான ஆங்கிலச் சொல்லை நிரலை எழுதியவர் எழுத்துப் பிழையோடு, "சஸ்சிபியஸ்" என்று படிக்கிற மாதிரி எழுதிவிட்டார், லாக்கிலும் அப்படியே விழும். நீங்கள் அகராதிப்படி சரியான எழுத்தில் தேடினால் ஒன்றும் கிடைக்காது, ஒன்றும் நடக்கவில்லை என்று நிம்மதியாகப் போய்விடுவீர்கள். ஆகவே நிரலின் பெயரை மட்டும் வைத்துத் தேடிக் கண்ணால் படியுங்கள்.

வரி கிடைத்தால் யாரோ முயன்றிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம், சில சமயம் உங்கள் பாதுகாப்புக் குழுவின் சோதனையாகவும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். வரி கிடைக்கவில்லை என்பதற்காக யாரும் முயலவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். லாக்கில் தடம் விடாமலும் இதைச் செய்ய முடியும் என்று க்வாலிஸே சொல்லியிருக்கிறது, தவிர ரூட் ஆனவனுக்கு லாக்கை அழிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

முயற்சி பலித்திருக்கிறது என்று சந்தேகம் வலுத்தால் பேட்ச் மட்டும் போதாது. /இடிசி/பாஸ்டபிள்யூடி கோப்பில் யூஐடி 0 (ரூட்டின் எண்) உள்ள கணக்கு ரூட்டைத் தவிர வேறு இருக்கிறதா, ரூட்டின் எஸ்எஸ்எச் சாவிக் கோப்பில் தெரியாத சாவி உண்டா, க்ரானிலும் (நேரம் குறித்து ஓட்டும் வேலைகள்) சிஸ்டம்டி சேவைகளிலும் புதிதாக ஏதாவது முளைத்திருக்கிறதா என்று பாருங்கள். இது எல்லாம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். அந்த மெஷினைத் துடைத்துத் தூக்கிப் புதிதாக நிறுவுவதுதான் நேர்மையான வழி, சுத்தமான பேக்கப்பிலிருந்து தரவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் தடுக்கி விழுந்த இடம்

சிஎச்மாட் போட்ட பிறகு அப்டேட் வந்தால் பேக்கேஜ் மேலாளர் புதிய கோப்பை அதன் வழக்கமான 4755 அனுமதியோடு வைத்துவிடும். பேட்ச் வந்த கோப்பு என்றால் அதுதான் நமக்கு வேண்டியது, மறுபடி 4 வந்துவிட்டதே என்று பதறாதீர்கள்.

நான் என்ன செய்தேன் என்றால், ரொம்பக் கெட்டிக்காரத்தனமாக, அப்டேட் வந்தாலும் அனுமதி மாறக்கூடாது என்று டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு என்ற கருவியில் 0755 என்று பதிந்து வைத்தேன். பேட்ச் வரும் முன்பு அது நல்ல யோசனைதான். பேட்ச் வந்தது, போட்டேன், சரிபார்த்தேன், பதிந்ததை மறந்தேன். மூன்று வாரம் கழித்து என் பொறுப்பில் இருந்த டெஸ்க்டாப் மெஷின்களில் சினாப்டிக் திறக்கவில்லை என்று புகார் வந்தது. பேக்கேஜை அழித்து மறுபடி நிறுவினேன், திறக்கவில்லை. போல்கிட் விதிக் கோப்புகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன், ஒரு மதியம் முழுக்கப் போனது. எத்தனை முறை நிறுவினாலும் டிபிகேஜி நான் சொன்னபடி விசுவாசமாக 0755 ஆக்கிக்கொண்டே இருந்தது.

நீங்களும் அதைப் பயன்படுத்தினால், பேட்சுக்குப் பிறகு டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடு --ரிமூவ் என்று பாதையைக் கொடுத்து எடுத்துவிடுங்கள். எடுத்ததும் கோப்பு தானாக மாறாது, பேக்கேஜை ஒரு முறை ரீஇன்ஸ்டால் செய்தால்தான் 4755 திரும்பும். ரெட் ஹேட்டில் ஆர்பிஎம் --வெரிஃபை போல்கிட் அடித்தால் அனுமதி மாறியிருக்கும் கோப்பைக் காட்டிக்கொடுக்கும், ஆர்பிஎம் --செட்பெர்ம்ஸ் போல்கிட் சரிசெய்துவிடும். சர்வரில் டெஸ்க்டாப்பே இல்லையென்றால் திருப்பி வைக்காமலே விடலாம், நான் அப்படித்தான் விடுகிறேன்.

மெஷினை விட்டு எழுந்திருக்கும் முன் இன்னொன்றும் செய்யுங்கள்: மேலே உள்ள ஃபைண்ட் கட்டளையில் -நேம் பகுதியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டினால் செட்யூஐடி உள்ள எல்லா நிரல்களும் வரும். சூடோ, எஸ்யூ, பாஸ்டபிள்யூடி, மவுண்ட் என்று வழக்கமானவை கொஞ்சம் இருக்கும். சூடோவிலும் இதே க்வாலிஸ் 2021 ஜனவரியில், கிட்டத்தட்டப் பத்து வருடம் ஒளிந்திருந்த ஓர் ஓட்டையைக் காட்டியது, அதன் எண் சிவிஇ-2021-3156, அதையும் மாற்றக் குறிப்பில் தேடிவிடுங்கள். பட்டியலைத் தேதி போட்டு ஒரு கோப்பில், முடிந்தால் வேறு மெஷினில், சேமித்து வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி ஓட்டி டிஃப் போட்டால், புதிதாக ஒரு வரி வந்திருந்தால், அது எந்தப் பேக்கேஜோடு வந்தது என்று டிபிகேஜி -எஸ் (இந்த எஸ் மட்டும் பெரிய எழுத்து) அல்லது ஆர்பிஎம் -க்யூஎஃப் சொல்லும். எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லை என்று வந்தால் காபியை ஆறவிட்டு அதை முதலில் பாருங்கள்.